புங்கமரம் துளிர்க்கும் நேரம்: தொடக்கப்பள்ளிக்கான கேள்வி – பதில்

மாசி, பங்குனியில் வகுப்பறையில் எதைக் கவனிக்க வைக்கலாம், பருவம் முடியும்போது பெற்றோரைக் கூட்டி எப்படிக் கொண்டாடலாம் என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஆங்கிலப் பாட்டிலும் படத்திலும் வசந்தம் என்றால் பனி உருகிப் பூப் பூக்கிறது. ‘நம்ம ஊர்ல எப்ப மிஸ் வசந்தம்?’ என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். என்ன சொல்ல? – ஆசிரியை, பென்னாகரம் வட்டம்

நம் கணக்கில் ஆண்டுக்கு ஆறு பருவம். மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். அதாவது இளவேனில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும்போது வந்துபோகிறது. ஆனால் மரங்கள் அதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. புங்கன் இலை உதிர்த்து ஓரிரு வாரத்தில் பளபளவென்று துளிர்ப்பதும், வேம்பு பூப்பதும், மாமரத்தில் பிஞ்சு பிடிப்பதும், புளியம்பழம் உலுக்குவதும் பள்ளி நடக்கும் நாட்களில்தான். பிள்ளைகளிடம் ‘வசந்தம் எப்ப?’ என்பதற்கு ஒரு தேதியைச் சொல்லாதீர்கள். ‘நம்ம புங்கன் எப்பத் துளிர்க்குதுன்னு பாத்துச் சொல்லுங்க’ என்று கேள்வியைத் திருப்பிக் கொடுங்கள். ஓசூர், தளிப் பக்கம் மேடு. அரூர், தர்மபுரிப் பக்கம் தாழ்வு. மேட்டில் குளிர் அதிகம் என்பதால் ஒரே மரம் இரண்டு ஊரிலும் ஒரே நாளில் துளிர்க்காது. ஆகவே அச்சடித்த அட்டவணையைவிட உங்கள் பள்ளி முற்றத்து மரம் சொல்வதுதான் சரி.

செய்முறை இது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு மரம். பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கிளையைத் தேர்ந்து வண்ண நூல் கட்ட வேண்டும். நூலுக்கும் கிளைக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். இறுக்கிக் கட்டினால் கிளை பருக்கும்போது நூல் பட்டையில் அழுந்திவிடும். நூலிலிருந்து நுனி வரை உள்ள இலைகளை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். செவ்வாய், வெள்ளி என்று வாரம் இரு நாள் போதும். தினமும் பார்த்தால் மாற்றம் தெரியாமல் பத்து நாளில் சலித்துப்போகும். குறிப்பேட்டில் நான்கே கட்டம்: பழுத்த இலை எத்தனை, புதுத் துளிர் எத்தனை, மொட்டோ பூவோ உண்டா, என்ன பூச்சி வந்தது. எழுதத் தடுமாறும் பிள்ளை ஓர் இலையைத் தாளுக்கு அடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படம் எடுத்து ஒட்டட்டும், அதுவும் பதிவுதான்.

புங்கனைப் பார்க்கிற பிள்ளைகள் கட்டாயம் ஒன்று கேட்பார்கள்: இலையில் ஏன் கொப்புளம் கொப்புளமாக இருக்கிறது? கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் இலைச்சாற்றை உறிஞ்சுவதால் இலைத் திசு அப்படி வீங்குகிறது. இலை மேல் வெள்ளைக் கோலம் போட்டதுபோல் வளைந்து வளைந்து தெரிவது இலைக்குள் சுரங்கம் போட்டுத் தின்னும் புழுவின் தடம். நோயிலை என்று கிள்ளி எறிய வேண்டாம். அதுவும் ஒரு பக்கத்துக்கான பாடம்.

கையெட்டும் மாமரம் அருகில் இருந்தால் கழித்தல் கணக்கு தானே வந்து நிற்கும். ஒரு பூங்கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ. பட்டாணி அளவுப் பிஞ்சாகும்போது எண்ணினால் இருபதோ முப்பதோ. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் ஐந்தாறு. கடைசியில் முதிர்வது ஒன்றிரண்டு, சில கொத்தில் அதுவும் இல்லை. ‘காத்துல கொட்டிடுச்சு’ என்று பிள்ளைகள் சொல்வார்கள். காற்றும் ஒரு காரணம்தான். ஆனால் பூக்களில் பெரும்பகுதி ஆண்பூ, அவை காய்க்கவே காய்க்காது. மிஞ்சிய பிஞ்சு அத்தனைக்கும் தீனி போட மரத்தால் ஆகாது, அதனால் மரமே உதிர்க்கிறது. அதையும் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் நிறைய பேர் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். வகுப்பறையில் வைத்து வளர்த்துக் காட்ட முடியுமா? போன ஆண்டு முயன்றோம், பாதிக்கு மேல் செத்துப்போயின. – ஆசிரியர், பாலக்கோடு

முடியும். வண்ணத்துப்பூச்சிக்காகக் காத்திருப்பதைவிட இந்தப் பகுதிக்குப் பட்டுப்புழுவே பொருத்தம். அது தின்னும் மல்பெரி இலையும் இங்கே கிடைக்கிறது, புழுவும் கிடைக்கிறது, கூடு விற்கும் அங்காடியும் இங்கேயே இருக்கிறது.

முட்டையிலிருந்து தொடங்காதீர்கள். குஞ்சுப் புழுவுக்குக் கொழுந்தை நறுக்கிப் போட வேண்டும், ஈரப்பதம் காக்க வேண்டும்; அது இளம்புழு வளர்ப்பு மையங்களின் வேலை. இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழுக்களில் 20 மட்டும் ஒரு விவசாயியிடம் கேட்டு வாங்குங்கள். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு இருபதே போதும். ஒரு புழு கூடு கட்டும் வரை ஏறக்குறைய 20 முதல் 25 கிராம் இலை தின்னும். அப்படியானால் மொத்தமே அரைக் கிலோ. இதில் எண்பது சதவீதத்துக்கு மேல் கடைசி ஒரு வாரத்தில், நான்காம் தோலுரிப்புக்குப் பிறகு வரும் ஐந்தாம் பருவத்தில்தான் தீரும். முதல் வாரம் ‘இவ்வளவுதானா தின்னும்’ என்று நினைத்து இலை ஏற்பாட்டை விட்டுவிடுகிறவர்கள் கடைசி வாரம் தவிப்பார்கள்.

ஒன்றரை அடிக்கு ஓரடி அட்டைப்பெட்டி, அடியில் செய்தித்தாள், மேலே பழைய கொசுவலைத் துணி. ஊசி ஈ வந்து புழுவின் மேல் முட்டையிட்டுவிடும். அதைத் தடுக்கத்தான் வலை. மேசையின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள், எறும்பு ஏறாது. எறும்புச் சாக்பீஸ் கோடு மட்டும் போடவே கூடாது. அது பூச்சிக்கொல்லி, அதன் தூள் பட்டாலே புழு சுருண்டுவிடும்.

போன ஆண்டு செத்ததற்கான காரணத்தை இவற்றில் தேடுங்கள். ஒன்று, இலையில் மருந்து. தக்காளித் தோட்டத்துக்கும் பூந்தோட்டத்துக்கும் பக்கத்தில் நிற்கும் மல்பெரியில் தெளிப்பு மருந்து காற்றோடு வந்து படியும். விவசாயி தன் புழுவுக்குப் போடும் அதே தோட்டத்து இலையையே வாங்குங்கள். இரண்டு, வகுப்பறையில் கொசுவத்தியோ கொசு விரட்டித் திரவமோ இருந்ததா என்று விசாரியுங்கள். கொசுவைக் கொல்வது இதையும் கொல்லும். புகையிலை தொட்ட கையும் அப்படித்தான். மூன்று, ஈர இலை. காலையில் பனியோடு பறித்ததை அப்படியே போட்டால் படுக்கை நசநசத்து நோய் வரும். பனி காய்ந்தபின் பறித்து, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, காலை, நண்பகல், பள்ளி விடும் நேரம் என்று மூன்று வேளை போடுங்கள்.

நான்காவதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. புழு தின்னாமல், தலையைத் தூக்கியபடி, அசையாமல் ஒரு நாள் கிடக்கும். நோய் என்று பயந்து பிள்ளைகள் தட்டி எழுப்புவார்கள், வாயருகே இலையைத் திணிப்பார்கள். அது தோலுரிக்கிற நேரம். அப்போது இலை போடக் கூடாது, தொடக் கூடாது, படுக்கை காய்ந்திருக்க வேண்டும். பெட்டி மேல் ‘தூங்குகிறது’ என்று ஒரு அட்டை மாட்டிவிடுங்கள். எல்லாம் எழுந்தபிறகே அடுத்த இலை.

உடல் உப்பி, பால்போல நீர் கசியும் புழுவைக் கண்டால் உடனே குச்சியால் எடுத்துப் பள்ளிக்கு வெளியே புதைத்துவிடுங்கள். தொற்றக்கூடியது. எருக்குழியில் போடாதீர்கள், எருவோடு மல்பெரித் தோட்டத்துக்கே போய்ச் சேரும்.

நீங்கள் வாங்கும் நிலையிலிருந்து கூடு கட்டத் தொடங்க ஏறக்குறைய 16 நாள். அதில் இரண்டு வார இறுதி வரும். யார் வீட்டுக்குப் பெட்டி போகும் என்பதைப் புழு வருவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். உடல் சற்றுக் கண்ணாடிபோல் மஞ்சளாகி, தின்பதை நிறுத்தி, தலையை ஆட்டிக்கொண்டு மூலை தேடினால் கட்டத் தயார். புழு கூடு கட்ட வைக்கும் மூங்கில் தட்டான சந்திரிகை கிடைக்காவிட்டால் பழைய முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக விடலாம். இரண்டு மூன்று நாளில் கூடு மூடிவிடும். அதற்குள் அட்டையை நகர்த்தினால் கூடு கோணிப்போகும்.

‘துணிக்காகப் பூச்சியைக் கொன்னுடுவாங்களா?’ என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். ஆமாம் என்று சொல்லுங்கள். கூட்டுக்குள் இருக்கும் பூச்சி ஓட்டை போட்டு வெளியே வந்தால் இழை அறுந்துவிடும். அறுபடாமல் இழுத்தால் ஒரு கூட்டில் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம் வரும். அதனால் வெளிவருவதற்கு முன் சூட்டில் வைத்துவிடுகிறார்கள். இதை மறைத்துப் பேசினால் பிள்ளைகள் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள், ஆசிரியர் மேல் உள்ள நம்பிக்கை குறையும். இரண்டு கூட்டை மட்டும் வைத்திருந்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் அந்து வெளிவரும். ஓட்டை விழுந்த கூட்டையும் முழுக் கூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் விளக்கமே தேவைப்படாது.

ஒரு எச்சரிக்கை விவசாயியின் பொருட்டு. வகுப்பில் வளர்த்த புழுவை அவர் வளர்ப்பு மனைக்குத் திருப்பித் தராதீர்கள். பிள்ளைகளைக் கூட்டமாக மனைக்குள் அழைத்துப் போகவும் வேண்டாம். காலோடு போகிற கிருமி ஒரு குடும்பத்தின் ஒரு மாத உழைப்பை அழித்துவிடும்.

விதை முளைக்கும் பாடம். கண்ணாடித் தம்ளரில் பஞ்சு வைத்தோம், எல்லாம் நாறிப்போயிற்று. – பெற்றோர், காரிமங்கலம்

தண்ணீர் அதிகம். விதைக்கும் மூச்சுக் காற்று வேண்டும். முங்கிக் கிடந்தால் அழுகும். பஞ்சுக்குப் பதிலாகப் பழைய வேட்டித் துணியைச் சுருட்டித் தம்ளருக்குள் வைத்து, விதையைத் துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே செருகுங்கள். அடியில் ஒரு விரல்கடை தண்ணீர், அது விதையைத் தொடக் கூடாது. துணி தானே உறிஞ்சிக்கொள்ளும். தினமும் பழைய நீரைக் கொட்டிப் புது நீர் விட வேண்டும். வெயில் நேராகப் படும் சன்னல் வேண்டாம், மார்ச் வெயிலில் கண்ணாடிக்குள் விதை வெந்துபோகும்.

விதை பத்துப் பத்தாக எடுங்கள். எட்டு மணி நேரம் ஊறிய பச்சைப்பயறும் கொள்ளும் ஓரிரு நாளில் முளைவிடும். தட்டைப்பயறுக்கு மூன்று நாள், ராகிக்கு மூன்று நான்கு நாள். புளியங்கொட்டை கெட்டித் தோல்; ஒரு பக்கத்தைக் கரடான கல்லில் தேய்த்து ஓர் இரவு ஊறவைத்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் பொறுக்க வேண்டும். இந்த வேறுபாட்டுக்காகவே அதைச் சேருங்கள். உடைத்த பருப்பு முளைக்காது. அதையும் ஒரு தம்ளரில் வைத்து ஏன் என்று கேட்கலாம். வேர் ஒரு அங்குலம் வந்ததும் தம்ளரைப் படுக்கவைத்து மறுநாள் பாருங்கள். வேர் மறுபடி கீழ்நோக்கி வளைந்திருக்கும்.

சிவப்போ நீலமோ சாயம் பூசிய கடை விதை பிள்ளைகள் கையில் படக் கூடாது. அது மருந்து கலந்த விதை.

மார்ச்சில் விதைப்பந்து வீசும் நிகழ்ச்சி வைக்கலாமா? – பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், ஊத்தங்கரை

வேண்டாம். மழைக்கு இன்னும் மாதக்கணக்கு இருக்கிறது. வெயிலில் காய்ந்து, எறும்புக்கும் எலிக்கும் தீனியாகும். இப்போது விதை சேகரித்துக் காயவைத்து, பெயரும் நாளும் எழுதிய காகித உறையில் போடுங்கள். ஆடியிலோ ஆவணியிலோ மண் நனைந்தபின் வீசலாம்.

எங்கள் வகுப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நான்கு மொழிப் பிள்ளைகள். உகாதி, சித்திரை முதல் நாள், ரம்ஜான் எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. யார் மனமும் கோணாமல் கொண்டாட வழி உண்டா? – ஆசிரியை, சூளகிரி

வழிபாட்டை வீட்டுக்கு விட்டுவிட்டு, பருவத்தையும் சுவையையும் நாட்காட்டியையும் வகுப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். உகாதிப் பச்சடியிலும் சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடியிலும் அந்தப் பருவத்தில் மரத்தில் இருப்பதுதான் விழுகிறது: மாங்காய், வேப்பம்பூ, புதுப்புளி. பெயர் வேறு, மரம் ஒன்று. வேம்புக்கு நான்கு மொழியிலும் என்ன பெயர், புளிக்கு என்ன பெயர் என்று பிள்ளைகளே வீட்டில் கேட்டு வந்து சுவரில் எழுதட்டும். உருதுப் பெயரைச் சொல்லும் பிள்ளைக்கும் அன்று வகுப்பில் ஓர் இடம் கிடைக்கிறது.

‘வருசப் பிறப்பு ஏன் ரெண்டு?’ என்று கேட்டால்: உகாதி நிலாவைப் பார்த்து வைத்த கணக்கு, அதனால் மார்ச் பிற்பகுதிக்கும் ஏப்ரல் முற்பகுதிக்கும் நடுவே தேதி மாறும். சித்திரை முதல் நாள் சூரியனை வைத்த கணக்கு, ஏப்ரல் 14 வாக்கிலேயே நிற்கும். ரம்ஜானும் நிலாக் கணக்குதான். ஆனால் உகாதிக் கணக்கில்போல் அதில் இடையிடையே ஒரு கூடுதல் மாதம் சேர்ப்பதில்லை; ஆகவே ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும். பழைய நாட்காட்டிகள் நான்கைந்து கொண்டுவரச் சொல்லி மூன்று தேதிகளையும் வட்டமிடச் சொன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதைத் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

முப்பது பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு கரண்டி பச்சடி: நடுத்தர மாங்காய் ஒன்றைத் துருவியது, நெல்லிக்காய் அளவுப் புளியைக் கரைத்த ஒரு தம்ளர் நீர், 150 கிராம் வெல்லம் கரைத்து வடிகட்டியது, கால் தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு மேசைக்கரண்டி வேப்பம்பூ. மிளகாய் வேண்டாம், சின்னப் பிள்ளைகள் கண்ணைத் தேய்ப்பார்கள். வேப்பம்பூவை விடியற்காலையில் மரத்தடியில் வேட்டியை விரித்து, உதிர்வதைச் சேர்க்க வேண்டும். தரையில் கிடப்பதை அள்ளினால் மண்தான் வரும். சாலையோர மரத்தைத் தவிருங்கள். கலப்பதற்கு முன் ஆறு சுவையையும் ஆறு கிண்ணத்தில் தனித்தனியே நுனிவிரலால் தொட்டுப் பார்க்கட்டும். ‘துவர்ப்பு’ என்ற சொல் பல பிள்ளைகளுக்குப் புரியாது; மாங்காய்த் தோலைக் கடிக்கக் கொடுத்தால் புரியும். நோன்பு மாதமாக இருந்து வீட்டில் பழக்கத்துக்காக நோன்பு பிடிக்கும் பிள்ளை இருந்தால், அவன் பங்கை மூடியுள்ள டப்பாவில் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். எல்லார் முன்னாலும் ‘நீ சாப்பிடலையா?’ என்று கேட்காதீர்கள்.

மார்ச் 21 அன்று நண்பகலில் நிழலே விழாது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். பிள்ளைகளைக் கூட்டி நின்றோம், நிழல் விழுந்தது! – பெற்றோர், மொரப்பூர்

அது நிலநடுக்கோட்டில் உள்ள ஊருக்கான செய்தி. தர்மபுரி அதற்கு வடக்கே 12 பாகைக்குச் சற்று மேல். மார்ச் 21 அன்று ஒரு மீட்டர் குச்சிக்கு நண்பகலில் 21 செ.மீ. நிழல் வடக்குப் பக்கம் விழும். நமக்கு நிழலில்லா நாள் ஏப்ரல் 22ஐ ஒட்டி வருகிறது. கிருஷ்ணகிரிக்கு 23 வாக்கில், ஓசூருக்கு 24 வாக்கில். நேரம் 12 மணி அல்ல, ஏறக்குறைய 12.16. நம் கடிகாரம் நமக்குக் கிழக்கே உள்ள தீர்க்கரேகையைப் பின்பற்றுவதால் சூரியன் நம் உச்சிக்கு வர அவ்வளவு பிந்துகிறது. ஆகஸ்ட் 20 வாக்கில் மறுபடி ஒருமுறை நிழல் மறையும்.

வகுப்புக்கு நல்ல வழி பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளில் தொடங்குவது. அன்று அதே குச்சிக்கு நிழல் சுமார் 37 செ.மீ. வாரம் ஒருநாள், 12.10 முதல் 12.40 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் சாக்பீஸ் புள்ளி வைத்து, மிகக் குறைந்ததை மட்டும் எழுதுங்கள். குச்சி செங்குத்தாக இல்லாவிட்டால் அத்தனை அளவும் கெடும். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுச் சரிபாருங்கள். நிற்கிற பிள்ளைகளுக்குத் தலையில் துணி, பிறகு தண்ணீர்.

ஆண்டு முடிவில் 34 பிள்ளைகள் உள்ள எங்கள் வகுப்புக்குச் சிறு கொண்டாட்டம் நடத்த வேண்டும். கையில் 2,000 ரூபாய் இருக்கிறது. அம்மாக்கள் பலர் புளி தட்டும் வேலைக்குப் போகிறார்கள், அப்பாக்கள் ஓசூர், பெங்களூர் வேலையில். போன முறை பெற்றோர் பத்துப் பேர்தான் வந்தார்கள். – தலைமையாசிரியை, போச்சம்பள்ளி அருகே

பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காலை 11 மணிக்கு வைத்தால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். புளி தட்டுவது எடைக்குக் கூலி. ஒரு மணி நேரம் போனாலும் அந்த அளவு போகும். ஆகவே நேரத்தை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். பத்து நாள் முன்பே வெள்ளி மாலை 4.30, சனி மாலை, ஞாயிறு காலை என்று மூன்றையும் சீட்டில் எழுதிப் பிள்ளைகள் வழியே கேளுங்கள். படிக்கத் தெரியாத வீட்டில் பிள்ளை வாசித்துக் காட்டி, விரல் வைத்த இடத்தில் குறி போடட்டும். சந்தை நாளையும் ஊர்த் திருவிழா நாளையும் முதலிலேயே தள்ளிவிடுங்கள். உயர்நிலைப் பள்ளி அதே வளாகத்தில் இருந்தால் மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு நடக்கும். ஒலிபெருக்கி கூடவே கூடாது. முப்பது பிள்ளைகளின் நிகழ்ச்சிக்கு அது தேவையும் இல்லை.

மேடை வேண்டாம் என்பது எங்கள் திடமான கருத்து. மேடை போட்டால் நன்றாக ஆடும் எட்டுப் பிள்ளைகள் ஏறுவார்கள், மற்ற இருபத்தாறு பேர் கீழே உட்கார்ந்து கை தட்டுவார்கள். உடை வாடகைக்கு வீட்டில் கடன் வாங்குவதும் அதனால்தான். அதற்குப் பதில் வகுப்பறையிலும் வராந்தாவிலும் நான்கு இடம்: மர நாட்குறிப்பு, பட்டுக்கூடு, முளைவிதை, புளியங்கொட்டைக் கணக்கு. இடத்துக்கு எட்டு அல்லது ஒன்பது பிள்ளைகள். வருகிற பெற்றோர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். அதற்கு ஒரு பிள்ளை மணி அடிக்கட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று வாக்கியம் போதும்: நான் பார்த்தது, நான் எண்ணியது, எனக்கு இன்னும் தெரியாதது. எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யவைக்காதீர்கள். பெற்றோர் நடுவில் ஒரு கேள்வி கேட்டால் மனப்பாடம் அறுந்து பிள்ளை அழுதுவிடும். தான் பார்த்ததைச் சொல்கிற பிள்ளை தடுமாறினாலும் மறுபடி தொடங்கிவிடும்.

புளியங்கொட்டை இடத்தைப் பாட்டிகளிடம் ஒப்படையுங்கள். பல்லாங்குழியில் 14 குழி, குழிக்கு 5 என்றால் 70 கொட்டை. தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டாலே போதும், பலகை வாங்க வேண்டாம். பேரன், பேத்தி கணக்குச் சொல்ல, பாட்டி ஆட. கூச்சப்பட்டு வாசலிலேயே நிற்கும் பெரியவர்கள் உள்ளே வருவது இந்த இடத்துக்குத்தான்.

தொடங்கிவைக்க ஒரு பிள்ளை கட்டியக்காரனாக வரட்டும். பங்குனியில் ஊர் ஊராகப் பாரதக் கூத்து நடப்பதால் இங்குள்ள பிள்ளைகளுக்குக் கட்டியக்காரன் யார் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. காலண்டர் அட்டையில் செய்த கிரீடம், ஒரு துண்டு, அவ்வளவே உடை. முகத்துக்கு வண்ணப் பொடி பூச வேண்டாம், வெயிலில் வியர்த்து கண்ணில் இறங்கும். சிறப்பு விருந்தினர் வந்தபிறகுதான் தொடங்குவோம் என்று காத்திருக்கவும் வேண்டாம். மொத்த நிகழ்ச்சியே 75 நிமிடம்.

குடிக்கப் பானகம், தின்னத் தட்டைப்பயறுச் சுண்டல். நூறு பேருக்கு ஆளுக்கு 100 மில்லி என்றால் 10 லிட்டர் தண்ணீர், ஒன்றரைக் கிலோ வெல்லம், 150 கிராம் புளி, 10 கிராம் ஏலக்காய், 20 கிராம் சுக்குப்பொடி, இரண்டு சிட்டிகை உப்பு. வெல்லத்தைக் கரைத்துத் துணியில் வடிகட்டாமல் விட்டால் அடியில் மண் நிற்கும். புளி சேர்வதால் பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரம் ஆகாது. எவர்சில்வர் அல்லது மண்பானை. கடையில் வாங்கும் ஐஸ் கட்டி போடாதீர்கள். அது குடிப்பதற்கான நீரில் செய்ததா என்பது நமக்குத் தெரியாது. முந்திய இரவே மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் போதிய குளிர்ச்சி வரும்.

தண்ணீரைப் பற்றி இன்னொன்று. இந்த இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு கூடுதல். பிள்ளைகளின் பல்லில் காணும் பழுப்புக் கறைக்கு அதுதான் காரணம். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்றுவதால் அடர்த்திதான் கூடும். பானகத்துக்கும் சமையலுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே பிடித்து வையுங்கள். குழாயில் தண்ணீர் வரும் நாளைக் கேட்டு, அதற்கேற்பக் கொண்டாட்ட நாளை வைத்தால் அலைச்சல் மிச்சம்.

சுண்டலுக்குத் தலைக்கு 30 கிராம் என்று 3 கிலோ தட்டைப்பயறு, எட்டு மணி நேர ஊறல். தேங்காயை வேகவைத்தபின் கலந்துவிட்டு மணிக்கணக்கில் வைக்காதீர்கள். ஏப்ரல் சூட்டில் கெட்டுவிடும். பரிமாறும்போது தூவுங்கள். தம்ளரும் தட்டும் பிள்ளைகள் வீட்டிலிருந்தே கொண்டுவரட்டும், காகிதக் கப்புக்குக் காசு கொடுக்க வேண்டாம். இப்படிச் செய்தால் 2,000 ரூபாய்க்குள் அடங்கும். பற்றாவிட்டால் பெற்றோரிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூல் வைக்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள். கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளை அன்று பள்ளிக்கே வராமல் நின்றுவிடும்.

சாயக் கோலப் பொடி இல்லாமல் வண்ணம் கிடைக்குமா? – ஆசிரியை, கெலமங்கலம்

கிடைக்கும். மஞ்சள் கரைத்த தாள் காய்ந்தபின் அதில் சோப்பு நீரால் எழுதினால் சிவப்பாக வரும். செம்பருத்திப் பூவைச் சுடுநீரில் ஊறவைத்த சாறு, எலுமிச்சை விட்டால் சிவக்கும், சமையல் சோடா விட்டால் பச்சையாகும். சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் வெந்துவிடும்.

பிள்ளைகள் நட்ட கறிவேப்பிலை, துளசித் தொட்டிகள் கோடை விடுமுறையில் ஆண்டுதோறும் காய்ந்துபோகின்றன. – ஆசிரியர், நல்லம்பள்ளி

பூட்டிய கேட்டுக்குள் தொட்டியை வைத்துவிட்டு யாராவது ஊற்றுவார்கள் என்று நம்பினால் காயத்தான் செய்யும். தொட்டியைப் பிள்ளைகளோடு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தரையில் நட்ட செடிக்கு மெருகு பூசாத இரண்டு லிட்டர் மண்கலயம் ஒன்றை, செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, கழுத்து வரை புதைத்து நீர் நிரப்பி, கொசு முட்டையிடாதபடி வாயை ஓட்டால் மூடுங்கள். மண்ணின் வழியே நீர் கசிந்து வேருக்குப் போகும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரின் பெயரை அதற்கு எழுதி, அந்த வீட்டாரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு குச்சியைக் குத்தி, கடைசி நாளன்று செடி எட்டிய உயரத்தில் பிள்ளை கையாலேயே ஒரு கோடு போடவையுங்கள். ஜூனில் திரும்பி வரும்போது முதல் கணக்கு வகுப்பு அந்தக் கோட்டிலிருந்து தொடங்கலாம்.